ரோகிணிக்கும் திருவாதிரைக்கும் நடுவே

மஞ்சக்குப்பம், கடலூர்
2.3.2025

அன்புள்ள மல்லி,

நீ அனுப்பிய போட்டோவை நாலு நாளாகப் போனில் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாட்ஸப்பிலேயே பதில் போட்டிருக்கலாம். சொல்ல நினைப்பது கொஞ்சம் நீளம் என்பதால் பேப்பரை எடுத்துவிட்டேன்.

முதலில் வீட்டு விஷயம். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது காலண்டரில் சின்ன எழுத்தில் இருக்கும் நாள் நட்சத்திரத்தைக்கூடத் தானே படித்துவிடுகிறாள். எனக்கு மே மாதம் பணி ஓய்வு. உன் மகளுக்கு மதுரையிலேயே வேலை கிடைத்ததைக் கேட்டு அம்மா உன்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டாள்.

சரி, போட்டோவுக்கு வருகிறேன். ஹாஸ்டல் மொட்டைமாடி, சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி, நீயும் நானும் தலையை ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டு நிற்கிறோம். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி: 5 4 97. ஹேல்-பாப் வால்நட்சத்திரத்தைப் பார்க்க வார்டனிடம் ஏழரை மணிவரை அனுமதி வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? வடமேற்கில் தாழ்வாக, தென்னை ஓலைக்கு மேலே, சாம்பலைக் கையால் தேய்த்துவிட்ட மாதிரி வால். அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது, அதனால்தான் அத்தனை தெளிவாகத் தெரிந்தது.

நாம் வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நமக்கு இடப்பக்கம், மேற்கு வானத்தில் பாதி உயரத்தில், வேறொன்று, ஒரு வெடிப்பின் மிச்ச வெளிச்சம், மங்கிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 7 அன்று, ஹபிள் தொலைநோக்கி அந்த இடத்தைத்தான் படம் எடுத்தது. அப்போது எனக்கு இது தெரியாது. வருஷங்கள் கழித்துப் படித்தேன், அன்றிலிருந்து மனதைவிட்டுப் போகவில்லை. தேதியோடு உன் போட்டோ வந்ததும், இதை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

1997 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை. உனக்கு அந்த நாள் வேறு காரணத்துக்காக நினைவிருக்கும்: அன்று சாயங்காலம்தான் ப. சிதம்பரம் பட்ஜெட் வாசித்தார், உங்கள் வங்கியில் யாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போகவில்லை என்று வந்து சொன்னாய். அன்று காலை, நம் நேரம் சுமார் எட்டரை மணிக்கு, வானத்தின் ஒரு புள்ளியிலிருந்து, எக்ஸ் கதிரைவிட வலிமையான காமாக் கதிர்கள் ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகப் பொழிந்து நின்றன. அந்தப் புள்ளி அப்போது நம் காலடிக்குக் கீழே, பூமிக்கு மறுபக்கம் இருந்தது.

இந்தக் காமாக் கதிர் வெடிப்புகளை முதலில் கண்டது வானியலாளர்கள் அல்ல, மல்லி. யாராவது ரகசியமாக அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள் 1967 ஜூலையில் ஒன்றைப் பதிவு செய்தன. அது பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்று உறுதிசெய்து 1973இல்தான் வெளியே சொன்னார்கள். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு, இது எங்கே நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நம் பால்வீதிக்குப் பக்கத்திலா, பிரபஞ்சத்தின் விளிம்பிலா? 1995இல் வாஷிங்டனில் ஒரு பொது மேடையில் இரண்டு வானியலாளர்கள், போதான் பச்சின்ஸ்கி ‘மிகமிகத் தொலைவு’ என்றும் டொனால்ட் லாம்ப் ‘நம் பால்வீதியின் சுற்றுப்புறம்தான்’ என்றும் வாதிட்டார்கள். தூரம் தெரியாவிட்டால் அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் எவ்வளவு சக்தி இருக்கிறது என்றும் தெரியாது. கண்டுபிடிக்க முடியாமல் போனதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. காமாக் கதிரை லென்ஸ் வைத்துக் குவிக்க முடியாது. காமாக் கதிரைப் பார்க்கவே அனுப்பிய காம்ப்டன் செயற்கைக்கோள் ஏறக்குறைய தினம் ஒரு வெடிப்பைப் பிடித்தது, ஆனால் ‘இந்தப் பக்கம்’ என்று அது காட்டிய இடம் எட்டுப் பத்து நிலாவை வரிசையாக வைக்கும் அளவு அகலம். அதற்குள் எந்த நட்சத்திரத்தைப் போய்ப் பார்ப்பது?

ஆனால் வெடிப்பு முடிந்த பிறகும் ஏதோ மிச்சம் இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் இருந்தார்கள். வெடித்துச் சிதறிய பொருள் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் சுற்றியிருக்கும் வாயுவில் போய் மோதும். மோதிய இடத்தில் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ஒளிரும். வேகம் குறையக் குறைய அந்த ஒளி எக்ஸ் கதிரிலிருந்து கண்ணால் காணும் ஒளிக்கும், அங்கிருந்து ரேடியோ அலைக்கும் இறங்கும். இதைத்தான் பின்னொளி என்கிறோம். சிக்கல் என்னவென்றால், அது சரசரவென்று மங்கும். ஒரு மணி நேரத்தில் இருந்த பிரகாசம் பத்தாவது மணியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

அதைப் பிடித்தது பெப்போசாக்ஸ் என்ற இத்தாலிய, டச்சுச் செயற்கைக்கோள். ‘பெப்போ’ என்பது இயற்பியலாளர் ஜுசெப்பே ஒக்கியாலினியின் செல்லப் பெயர். அதில் இரண்டு வகைக் கண்கள். ஒன்று அகலப் பார்வை: ஓட்டைகள் போட்ட ஒரு தட்டின் நிழல் எப்படி விழுகிறது என்று பார்த்து எக்ஸ் கதிர் வந்த திசையைக் கணக்கிடும். இன்னொன்று குறுகிய, கூர்மையான பார்வை. அகலக் கண்ணில் ஏதாவது பட்டால், முழுச் செயற்கைக்கோளையும் திருப்பிக் கூர்மையான கண்ணை அங்கே வைக்கவேண்டும். கேட்க எளிது. அது சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு தரம் கென்யாவின் மாலிந்தி நிலையத்துக்கு மேலே வரும்போதுதான் சேர்த்துவைத்ததைக் கீழே இறக்கும். அது ரோமுக்குப் போய், உட்கார்ந்து பார்த்து, இடத்தைக் கணக்கிட்டு, திரும்பக் கட்டளை அனுப்பவேண்டும். ஜனவரி 11 அன்று வந்த வெடிப்புக்குத் திருப்பி முடிக்கப் பதினாறு மணி நேரம் ஆனது. பின்னொளி என்று சொல்ல எதுவும் அகப்படவில்லை. அடுத்தது இந்த பிப்ரவரி 28. எட்டு மணி நேரத்தில் திருப்பிவிட்டார்கள். அங்கே ஒரு புதிய எக்ஸ் கதிர்ப் புள்ளி இருந்தது. மார்ச் 3 அன்று மறுபடி பார்த்தபோது இருபதில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

இதற்கிடையில் ஆம்ஸ்டர்டாமில் யான் வான் பாராடைஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்கள் பால் குரூட், டைட்டஸ் கலாமாவும் சேர்ந்து, லா பால்மா தீவில் இருக்கும் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் அந்த இடத்தைப் படம் எடுக்க ஏற்பாடு செய்துவிட்டார்கள். வெடிப்புக்கு இருபத்தொரு மணி நேரத்துக்குள் முதல் படம்.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வருகிறது. போன மாதம் பிளஸ் ஒன் வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, “டீச்சர், ஒரு போட்டோவப் பார்த்து அது மங்குதுன்னு எப்படிச் சொன்னாங்க?” என்று கேட்டாள். சொல்ல முடியாது! முதல் படத்தில் அது ஆயிரம் புள்ளிகளில் ஒரு புள்ளி. பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு சாதாரண நட்சத்திரம் வேறு. அவர்கள் மார்ச் 8 அன்று இன்னொரு படம் எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எது காணாமல் போயிருக்கிறதோ அதுதான் பின்னொளி. இருக்கும்போது அடையாளம் தெரியவில்லை மல்லி, போன பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் ஜெராக்ஸ் கடையில் அந்த இரண்டு படங்களையும் கண்ணாடித் தாளில் எடுத்துக்கொண்டு போனேன். வகுப்பு ஜன்னலில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினேன். கேள்வி கேட்டவளே வந்து மேல் தாளைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். வெயில் அவள் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. ஐந்தாறு தடவைக்கு மேல் ஆகவில்லை, விரலை வைத்து “இதோ” என்றாள். இருபத்தொன்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், அந்த ‘இதோ’ போதும் எனக்கு.

கதை அங்கே முடியவில்லை. படத்தில் அந்தப் புள்ளி மங்கிய இடத்தில் லேசான ஒரு புகைமூட்டம் மாதிரி இருந்தது. அது ஒரு தொலைதூர கேலக்ஸி, நம் பால்வீதி மாதிரி இன்னொரு நட்சத்திரக் கூட்டம், என்றால் வெடிப்பும் அத்தனை தூரத்தில் நடந்தது என்று அர்த்தம், முப்பது வருஷக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஆனால் பூமியின் காற்று படத்தைக் கலைத்துவிடுகிறது. பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் வழிந்து வந்து மேலே விழுகிறது. அதனால்தான் ஹபிளிடம் போனார்கள். மார்ச் 26 ஒரு தரம், ஏப்ரல் 7 ஒரு தரம். அதில் புள்ளி தனியாக, புகைமூட்டம் தனியாக, தெளிவாகப் பிரிந்து தெரிந்தது. நம் கண்ணுக்குத் தெரியும் கடைசி நட்சத்திரத்தைவிடப் பத்துக் கோடி மடங்கு மங்கலான புள்ளி அது!

அப்படியும் தகராறு தீரவில்லை. அதே ஹபிள் படங்களை அளந்து பார்த்த ஒரு குழு, புள்ளி இடம் நகர்ந்திருக்கிறது என்றது. நகர்ந்தால் அது பக்கத்துப் பொருள்தான், கேலக்ஸி வாதம் போயிற்று. இன்னொரு குழு, நகரவே இல்லை என்றது. புகைமூட்டமே மங்கிக்கொண்டு வருகிறது என்றும் சிலருக்குத் தோன்றியது. ஒரே வழி, காத்திருந்து மறுபடி பார்ப்பது. வெடிப்புக்கு இரண்டு வாரம் முன்புதான் விண்வெளி வீரர்கள் ஹபிளுக்குப் போய் ஸ்டிஸ் என்ற புதிய கருவியைப் பொருத்திவிட்டு வந்திருந்தார்கள். செப்டம்பரில், ஆறு மாதம் கழித்து, அதை வைத்துப் பார்த்தார்கள். புள்ளி இன்னும் மங்கியிருந்தது, நகரவில்லை. புகைமூட்டம் மட்டும் அப்படியே இருந்தது. அது கேலக்ஸிதான். பிறகு ஹவாயின் கெக் தொலைநோக்கி அதன் தூரத்தை அளந்தது. அங்கிருந்து ஒளி கிளம்பி அறுநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது. சூரியனும் பூமியும் அப்போது உருவாகவே இல்லை.

நியாயமாகச் சொன்னால், அந்த வருஷம் மே 8ஆம் தேதி வந்த இன்னொரு வெடிப்பில் கெக் முதலிலேயே தூரத்தை அளந்துவிட்டது. பச்சின்ஸ்கி சொன்னதுதான் சரி என்று அப்போதே நிலைபெற்றுவிட்டது. இருந்தாலும் என் மனம் பிப்ரவரி 28இன் மேல்தான். ஒன்றும் அகப்படாத ஜனவரிக்குப் பிறகும் தயாராக இருந்தார்களே, கிடைத்த பிறகும் ஆறு மாதம் விடாமல் போய்ப் போய்ப் பார்த்தார்களே, அதுதான் எனக்குப் பெரிது. யான் வான் பாராடைஸ் 1999 நவம்பரில் இறந்துவிட்டார். ஐம்பத்துமூன்று வயதுதான். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, முகம்கூடத் தெரியாத மனிதருக்காக.

2004இல் அனுப்பிய ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் இப்போது இதையெல்லாம் தானே செய்கிறது. யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் திரும்பிவிடும். 2017 ஆகஸ்டில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள், அதாவது செத்துப்போன பெரிய நட்சத்திரங்களின் இறுகிய மிச்சங்கள், மோதியதே, அதன் பின்னொளி மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டது. இரண்டு நாள் கழித்துச் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி பார்த்தபோது அங்கே ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் பார்த்தால் இருக்கிறது! அந்த வெடிப்பின் பீய்ச்சல் நம்மை நேராகப் பார்க்காமல் சாய்வாகப் போனதால், வேகம் குறைந்து ஒளி விரிந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. அதற்குள் சூரியன் குறுக்கே வந்துவிட்டது, டிசம்பர் வரை அந்தப் பக்கமே திரும்ப முடியவில்லை. திரும்பியபோது முன்னைவிடப் பிரகாசமாக இருந்தது. சந்திராவின் பெயர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகருடையது என்று உனக்கு நான் நூறு தரம் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் கடைசி வாரம் மதுரைக்கு வரலாம் என்றிருக்கிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அந்த போட்டோவின் நெகட்டிவ் இருந்தால் தேடி எடுத்துவை, பெரிதாகப் பிரிண்ட் போட்டு வகுப்புக்குக் கொடுத்துவிட்டு ஓய்வு பெறுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய். இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் ஏழு மணிக்கு மொட்டைமாடிக்குப் போ. இந்த வருஷம் வியாழன் பளிச்சென்று மேலே நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் சிவப்பாக இருப்பது ரோகிணி. அதற்குத் தென்கிழக்கே இன்னொரு சிவப்பு, திருவாதிரை. இரண்டுக்கும் நடுவே மனதில் ஒரு கோடு போடு. ரோகிணியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் வந்து, கோட்டுக்குச் சற்றே தெற்கே பார். அந்த இடம்தான். கடலூருக்கு அது கிட்டத்தட்ட அப்படியே உச்சந்தலைக்கு மேலே கடக்கிறது. மதுரைக்கு ஒரு துளி வடக்கே இருக்கும். அங்கே ஒன்றும் தெரியாது, ஆனால் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் வசந்தா