லேபர் வார்டு மருந்து டிரே சரிபார்ப்பு: புதன் மதியம் 2 மணி

சிஸ்டர்ஸ் அனைவருக்கும் வணக்கம். வரும் புதன், டூட்டி மாறும் நேரத்தில் டிரேக்களைச் சேர்ந்து சரிபார்க்கிறோம். அரை மணி நேரம் போதும். அதற்குள்:

1. ஆக்ஸிடோசின் (பிரசவத்துக்குப் பின் கருப்பையைச் சுருக்கி இரத்தப்போக்கைத் தடுக்கும் மருந்து) ஃபிரிட்ஜில், 2–8 டிகிரியில். மெத்தர்ஜின் (இதுவும் கருப்பையைச் சுருக்கும், ஆனால் பிரஷரை ஏற்றும்) அதே ஃபிரிட்ஜில், வேறு பெட்டியில். இரண்டும் சின்ன ஆம்ப்யூல், அவசரத்தில் கை மாறிவிடும். பிரஷர் உள்ள தாய்க்கு மெத்தர்ஜின் போனால் உயிருக்கே ஆபத்து.

2. குழந்தை பிறந்ததும் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், உள்ளே இன்னொரு குழந்தை இல்லையே? பிறகு 1 நிமிடத்துக்குள் ஆக்ஸிடோசின் 10 யூனிட், தசையில்.

3. மக்னீசியம் சல்பேட் (50%), பிரஷரால் வரும் வலிப்புக்கான மருந்து: 2 மி.லி. ஆம்ப்யூலில் 1 கிராம். நரம்பில் போடும் முதல் 4 கிராமுக்கு 4 ஆம்ப்யூல், கூட 12 மி.லி. நார்மல் சலைன், 5 நிமிடத்துக்குக் குறையாமல், மெதுவாக. அடுத்த டோஸுக்கு முன் மூச்சு நிமிடத்துக்கு 16, முட்டித் துடிப்பு, சிறுநீர் மணிக்கு 30 மி.லி. ஒன்று குறைந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். முட்டியைத் தட்டாமலே 'உண்டு' என்று எழுத வேண்டாம், தயவுசெய்து.

4. கால்சியம் குளுக்கோனேட் (மக்னீசியம் அதிகமாகிவிட்டால் கொடுக்கும் முறிவு மருந்து) அதே டிரேயில், காலாவதித் தேதி பார்த்து.

5. லேபிள் ஒட்டாத சிரிஞ்ச் கண்டால் கொட்டிவிடுங்கள்.

வருபவர்கள் செவ்வாய் இரவுக்குள் பெயரும் ஷிஃப்டும் போடுங்கள். நைட் டூட்டி முடித்தவர்களுக்கு வியாழன் காலை 8 மணி.