மரத்துப்போன கால்களையும் கழுவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தவக்காலம் முடியப்போகிறது. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் பங்குத்தந்தையர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார்கள். அடுத்த நாள் உங்கள் நாளிதழிலும் அந்தப் படம் வரும். இந்த ஆண்டு படத்தோடு சேர்த்து அச்சிடத் தக்க, நோயால் கால் மரத்துப்போனவர்களைப் பற்றிய ஒரு செய்தி இருப்பதால் இந்தக் கடிதம்.

ஆலயத்தில் கழுவப்படும் கால் பெரும்பாலும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, புதுச் செருப்பில் வந்த கால். அதிலும் பல இடங்களில் வலது கால் மட்டும்தான். பாடகர் குழு பாட்டை முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, சடங்கு அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் யாருடைய கால் என்பதில் திருச்சபையே காலத்துக்கு ஏற்ப மாறி வந்திருக்கிறது. 1955-ல் திருத்தந்தை 12-ஆம் பயஸ் புனித வார வழிபாட்டைத் திருத்தியபோதுதான் இந்தச் சடங்கு மக்கள் முன்னிலையில் திருப்பலிக்குள் வந்தது. அப்போது ஆண்கள் மட்டும். 2013-ல் திருத்தந்தை பிரான்சிஸ் ரோம் நகரின் சிறார் சிறைக்குப் போய், பெண்கள், இஸ்லாமியர் உட்பட பன்னிரண்டு கைதிகளின் கால்களைக் கழுவினார். 2016 ஜனவரியில் பெண்களுக்கும் விதிப்படியே இடம் கிடைத்தது. இனி அடுத்த படியாக, குனிந்து தன் காலைத் தானே பார்க்க முடியாதவர்களின் வீடுகளுக்கு அந்தத் தண்ணீர்ப் பாத்திரம் போக வேண்டும். அதுவும் வாரா வாரம் போக வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் கால் நரம்பு செத்து, பாதம் மரத்துப்போகும். முள் குத்தினாலும், செருப்புக்குள் கல் கிடந்தாலும், தார் ரோடு சுட்டாலும் தெரியாது. வலி இல்லாததால் அதே புண் மேலேயே நடந்துகொண்டிருப்பார்கள். நாற்றம் வந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரியும். அதற்குள் விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டிய நிலைக்குப் போய்விடும். வாரம் ஒருமுறை யாராவது காலைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இவற்றில் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம். பார்ப்பதற்கு டாக்டர் வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போதும்.

ஒவ்வொரு பங்கிலும் அன்பியங்கள், அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் சிறு குழுக்கள், இருக்கின்றன. வின்சென்ட் தே பவுல் சபையும் மரியாயின் சேனையும் இருவர் இருவராக வீடு சந்திக்கும் பழக்கத்தை நீண்ட காலமாக வைத்திருக்கின்றன. அமைப்பு தயாராக இருக்கிறது, கை மட்டும் பழக வேண்டும். ஒரு இணைக்கு வாரம் இரண்டு வீடு என்று வைத்தால் நடக்கும். ஆர்வத்தில் ஐந்து வீடு எடுத்துக்கொள்பவர்கள் ஈஸ்டர் முடிந்த மூன்றாம் வாரம் காணாமல் போவார்கள். காத்திருந்து ஏமாந்த கிழவிக்கு, யாருமே வராமல் இருந்ததைவிட அது கூடுதல் வருத்தம்.

எடுத்துப்போக வேண்டியவை: அகலமான பிளாஸ்டிக் பேசின் ஒன்று (முடிந்தால் வீட்டுக்காரர்களுடையதையே பயன்படுத்துங்கள், ஒரே பேசின் வீடு வீடாகப் போனால் சேற்றுப்புண்ணும் கூடவே போகும்), காரம் குறைந்த சோப்பு, பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்த துணிகள் நான்கு, கையுறை, தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின், சின்ன டார்ச், கைக்கண்ணாடி, ஒரு நோட்டு.

முதலில் தண்ணீர். நன்மை செய்கிறோம் என்று நினைத்துப் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று வெந்நீர் வைப்பார்கள், அதில் கல் உப்பும் போடுவார்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. "போதுமாம்மா?" என்று கேட்டால் "நல்லாருக்குப்பா" என்றே பதில் வரும், தோல் வெந்துகொண்டிருக்கும். குழாயில் வரும் சாதாரணத் தண்ணீரே போதும். வெதுவெதுப்பாக வேண்டும் என்றால் கழுவுபவர் தன் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். நோயாளியின் காலைவிட்டுப் பார்க்கக் கூடாது. கால் தண்ணீரில் இருப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். ஊறவைத்தால் விரலிடுக்கு வெளுத்து, தோல் பிய்ந்து, கிருமிக்கு வழி திறக்கும்.

கழுவியபின் துடைப்பது. யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் இயேசு எழுந்ததும், மேலாடையைக் கழற்றியதும், துண்டை இடுப்பில் கட்டியதும், தண்ணீர் ஊற்றியதும், கழுவியதும் வரிசையாக வருகின்றன. அதோடு நிற்காமல், கட்டியிருந்த துண்டாலேயே துடைத்தார் என்றும் எழுதியிருக்கிறது. கால் பராமரிப்புத் தெரிந்தவர் யாரும் அந்தக் கடைசிச் சொல்லைத் தாண்டிப்போக மாட்டார். காலைக் கழுவுகிறவர்கள் அவசரத்தில் விடுவது அதைத்தான். தேய்க்காமல், துணியை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். துணி முனையை விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் நுழைத்து ஈரத்தை வாங்க வேண்டும். நான்காவது, ஐந்தாவது விரல்களுக்கு நடுவே இடம் குறுகல், சேற்றுப்புண் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். காய்ந்த பிறகு குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் மட்டும் கூடாது.

பிறகு பார்ப்பது. டார்ச் அடித்து உள்ளங்கால், குதிகால் ஓரம், விரல் நுனி, நக ஓரம் எல்லாம் பாருங்கள். நோயாளியிடம் கைக்கண்ணாடியைக் கொடுத்து, அடியில் பிடித்துத் தானே பார்க்கப் பழக்குங்கள். நீங்கள் வராத ஆறு நாளும் அந்தக் கண்ணாடிதான் வேலை செய்யும். அடுத்து, உங்கள் புறங்கையை இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் புண் வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே ஏதோ நடக்கிறது. காய்ப்புக்கு அடியில் கறுப்பாகவோ ரத்தம் கட்டினாற்போலவோ தெரிந்தால் அது காய்ப்பு மட்டும் இல்லை, அடியில் புண் இருக்கிறது.

உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. கருவி எதுவும் வேண்டாம். நோயாளி கண்ணை மூடிக்கொள்ளட்டும். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய ஆறு நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள். தெரியவில்லை என்றால் மறுபடி தொட்டுக் காட்டாதீர்கள், அந்த விரலுக்கு ஒரே வாய்ப்புதான். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் அது ஆபத்துக் கால் என்று நோட்டில் எழுதி, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இவை எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகும். செய்யவே கூடாதவை: பிளேடால் கால் ஆணியை அறுப்பது, மெடிக்கலில் விற்கும் கால் ஆணி பிளாஸ்திரியை வாங்கி ஒட்டுவது (அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்), புண்ணில் மஞ்சளோ மையோ அப்புவது, தடித்து வளைந்த நகத்தை வம்படியாக வெட்டுவது. சாதாரண நகமாக இருந்தால் நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்ட வேண்டாம். திறந்த புண், சீழ், நாற்றம், கறுத்த விரல், காலில் ஏறும் சிவப்பு, காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் கழுவுவதை நிறுத்திவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். ஜெபத்தை ஆட்டோவில் சொல்லிக்கொள்ளலாம்.

தொழுநோயால் மரத்த கால்களுக்கு முறை கொஞ்சம் வேறு. அங்கே வியர்வைச் சுரப்பியே வேலை செய்யாமல் போவதால் தோல் காய்ந்து வெடிக்கும். புண் இல்லாத காலைச் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, சொரசொரப்பான கல்லால் தடித்த தோலை மெல்லத் தேய்த்து, ஈரம் முழுக்கப் போவதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். தினமும் செய்ய வேண்டும். சர்க்கரைக் காலுக்கு இந்த இருபது நிமிடக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் பணியாற்றியபோது எடுத்துக்காட்டிய உண்மை இங்கே நினைவில் இருக்க வேண்டும். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் திரும்பத் திரும்பக் காயப்பட்டுத்தான் கரைகிறது. மரத்த கால்களுக்கான எம்.சி.ஆர். செருப்பின் மென்மையான ரப்பர் அடிப்பாகம் அந்தப் புரிதலில்தான் வேலூரிலும், அதன் அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் பரவலானது. அதில் ஆணி அடிக்கக் கூடாது. ஒட்டியோ தைத்தோதான் செய்வார்கள். அறுந்த வாரைத் தெருமுனையில் கொடுத்து ஆணி அடித்து வாங்கினால் அந்த ஆணியே உள்ளங்காலில் ஏறும்.

செருப்பைப் பற்றிப் பேசினால் ஆலய வாசலைப் பற்றியும் பேச வேண்டும். நம் ஊர் ஆலயங்களில் செருப்பை வெளியே விடுவது மரியாதை. "உன் பாதரட்சையைக் கழற்று" என்று மோசேக்குச் சொல்லப்பட்டதை எடுத்துக்காட்டுவார்கள். மோசேக்குச் சர்க்கரை நோய் இருந்ததாகத் தெரியவில்லை. சித்திரை வெயிலில் சிமெண்ட் முற்றத்தைக் கடக்கும் மரத்த கால் கொப்பளித்துவிடும், பூசை முடிந்து வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். வாசலிலிருந்து பீடம் வரை தேங்காய் நார் விரிப்புப் போடுங்கள். கால் மரத்தவர்கள் செருப்போடு வரலாம் என்று பங்குத்தந்தை ஒருமுறை பீடத்திலிருந்து சொன்னால் போதும். வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டிப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு மோர் கொடுக்கும் பந்தல்களில், வெறுங்காலோடு வருகிறவர்களின் கால்களைப் பார்த்து அனுப்பவும் இருவர் உட்காரலாம். மணலில் முழங்காலிட்டு நடக்கும் வேண்டுதலை, உணர்ச்சி இல்லாத கால்களை உடையவர்கள் வேறு விதமாக நிறைவேற்ற வழிகேட்டால் எந்தக் குருவும் மறுக்க மாட்டார்.

இனி எளிதில் வெளியே பேசப்படாத பகுதி. வீட்டுக்குப் போய் மாமியாரின் காலைக் கழுவினால், மருமகளைத் தெருவில் தலைகுனிய வைத்ததாக ஆகிவிடலாம். "இவ கவனிக்கலபோல, கோயில்காரங்க வந்து பாக்குறாங்க" என்று பக்கத்து வீட்டில் பேச்சு வரும். அதனால் முதல் முறை மருமகளையோ மகனையோ பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையாலேயே துடைக்கச் சொல்லிக் கற்றுக்கொடுங்கள். நான்கு வாரத்தில் உங்கள் வேலை குறைந்துபோனால் அதுதான் சரியான பலன். கதவைச் சாத்துவதா, திறந்துவைப்பதா என்று அவர்களையே கேளுங்கள். போட்டோ வேண்டாம். அன்பிய வாட்ஸ்அப் குழுவுக்கும் வேண்டாம். பெயர் இல்லாத கால் என்றாலும் அந்தத் தெருவுக்கு யாருடையது என்று தெரியும்.

இயேசு கழுவ வந்தபோது மறுத்த பேதுருவைப் போல் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். "நீங்க போய் என் காலைத் தொடுறதா" என்பார்கள். வற்புறுத்தாமல், அன்றைக்குக் கண்ணாடியை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டாம் வாரம் தண்ணீர் அவர்களே எடுத்துவைத்திருப்பார்கள். மூன்றாம் வாரமும் மறுத்தால் மறுப்பை மதியுங்கள்.

வீடுகளின் பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பதையும் பாருங்கள். பொறுப்பாளர் எழுதினால் அவர் தெரு வீடுகளே முதல் பத்தும். காலனி வீடுகள் கடைசிப் பக்கத்தில் ஒதுங்கும். கிறிஸ்தவர் அல்லாத வீடு அந்தப் பக்கத்திலும் வராது. ஊர் சுகாதாரச் செவிலியரிடம் போய், அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர்களில் நடமாட முடியாதவர்கள் யாரிடம் நாம் போகலாம் என்று கேளுங்கள். அவர்கள் சம்மதத்தை அவர் கேட்டுச் சொல்லட்டும். சாதி, மதம் பார்க்காத பட்டியல் அப்போதுதான் கைக்கு வரும். போன வீட்டில் காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். "வேண்டாம், இப்பத்தான் குடிச்சோம்" என்று எல்லா வீட்டிலும் சொன்னால் பரவாயில்லை. ஒரு தெருவில் மட்டும் சொன்னால் அந்தத் தெருவுக்குக் காரணம் புரியும். கால் கழுவிய தண்ணீரை நீங்களே கொண்டுபோய் ஊற்றி, பேசினைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். அதை வீட்டு வேலை செய்யும் பெண்ணிடம் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு.

பெரிய வியாழன் படத்தை இந்த ஆண்டும் வெளியிடுங்கள். படத்துக்குக் கீழே, ஆறு விரல் தொடு சோதனையை நான்கு வரியில் போட இடம் இருந்தால் போடுங்கள். பங்குத்தந்தையருக்கு ஒரு வேண்டுகோள்: பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர்களில் இரண்டு மூன்று பேராவது அடுத்த வாரம் உங்கள் பங்கில் யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய கால்களை உடையவர்களாக இருக்கட்டும். அவர்களுக்கு இரண்டு காலையும் கழுவுங்கள். விரலிடுக்கைத் துடையுங்கள்.

இப்படிக்கு,
பங்கு இல்ல நலப்பணிக் குழுவினர்,
திருச்சி மாவட்டம்.