நாற்காலியில் யார் உட்காருவது என்பது சின்ன விஷயமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்க அதிபர்கள் மீது செனட் சபையில் நடந்த பதவி நீக்க விசாரணைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். நடுவில் ஒரு வரி: "விசாரணையின் நடைமுறை விதிகள் நம் வாசகர்களுக்கு அவசியமில்லை என்பதால் தவிர்க்கிறோம்." சரி, எங்களுக்கு எது அவசியம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். ராசிபலனுக்கு முக்கால் பக்கம் அவசியம். நடிகை வாங்கிய கார் அவசியம். ஒரு நாட்டின் தலைவரை எந்த முறைப்படி விசாரிக்கிறார்கள் என்பது மட்டும் கொங்கு நாட்டுக்காரனுக்கு வேண்டாம்.

விதியை எடுத்துவிட்டால் அந்தக் கட்டுரையில் மிச்சம் என்ன? 1868-ல் ஆண்ட்ரூ ஜான்சன் தப்பியது ஒரே ஓட்டில். குற்றவாளி என்றவர்கள் 35 பேர், இல்லை என்றவர்கள் 19 பேர். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதிதான் அவரைக் காப்பாற்றியது. 2020-ல் டிரம்ப் விசாரணையில் சாட்சிகளை அழைப்பதா வேண்டாமா என்பதற்கே ஓட்டெடுப்பு நடந்து, 51-க்கு 49 என்று வேண்டாம் என முடிவானது. சாட்சியே இல்லாமல் விசாரணை முடிந்தது. இதெல்லாம் நீங்கள் அறியாததல்ல.

செனட்டுக்கு வழக்கமாகத் தலைமை தாங்குபவர் துணை அதிபர். ஆனால் அதிபரை விசாரிக்கும்போது அங்கே அவர் தலைமை தாங்கக் கூடாது. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிதான் உட்கார வேண்டும். அதிபர் போனால் அந்த இடத்துக்கு வரப்போகிறவரே விசாரணையை நடத்தினால் நன்றாகவா இருக்கும்? அப்படி வந்து உட்கார்ந்த தலைமை நீதிபதி சேஸ், 1868-ல் நடுவில் வந்த நடைமுறைக் கேள்விகளில் ஓட்டு சரிசமமானபோது தானும் ஓட்டுப் போட்டார். 2020-ல் அதே இடத்தில் இருந்த ராபர்ட்ஸ், அது தனக்கு முறையல்ல என்றார். 2021-ல் டிரம்ப் பதவியை விட்டுப் போயிருந்ததால் தலைமை நீதிபதி வரவில்லை. செனட்டர் லேஹி தலைமையும் தாங்கினார், குற்றவாளி என்று ஓட்டும் போட்டார். நீங்கள் தவிர்த்த விஷயம் இவ்வளவு சுவாரசியமானது.

நம் அரசமைப்புச் சட்டத்துக்கு வருவோம். குடியரசுத் தலைவரை நீக்கும் 61-வது பிரிவில் 4 உட்பிரிவுகள்தான். ஒரு அவை குற்றம் சாட்ட வேண்டும், இன்னொரு அவை விசாரிக்க வேண்டும். 14 நாள் முன்னறிவிப்பு, நாலில் ஒரு பங்கு உறுப்பினர்களின் கையெழுத்து, இரண்டு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. அமெரிக்காவில் வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு போதும். இங்கே மொத்தத்தில். மக்களவையில் 543 என்றால் 362 பேர் வேண்டும். ஓட்டெடுப்பு நேரத்தில் காபி குடிக்கப் போனவரும் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்தான். 1993-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி ராமசாமியை நீக்க மக்களவையில் வந்த தீர்மானத்தில் நாடே பார்த்ததுதானே? அவருக்கான விதி கொஞ்சம் வேறு. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும். ஆதரித்தவர்கள் 196 பேர். எதிர்த்து ஒருவர்கூட இல்லை. 205 பேர் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் தோற்றது.

குடியரசுத் தலைவர் மீதான விசாரணை மாநிலங்களவைக்கு வந்தால் தலைமை யார்? அந்த அவையின் தலைவர் துணைக் குடியரசுத் தலைவர். தீர்மானம் ஜெயித்தால், புதியவர் வரும்வரை குடியரசுத் தலைவராகச் செயல்படப் போகிறவரும் அவரே. தன்னை நீக்கும் தீர்மானத்தின்போது அவர் தலைமை தாங்கக் கூடாது என்று 92-வது பிரிவு சொல்கிறது. குடியரசுத் தலைவரை நீக்கும்போது விலகி நிற்க வேண்டும் என்று 61-வது பிரிவு சொல்லவில்லை. இப்போது அந்த இடத்தில் இருப்பவர் நம் திருப்பூர்க்காரர் சி.பி.ராதாகிருஷ்ணன். அவர் மேல் எனக்குச் சந்தேகம் ஏதும் இல்லை, நம் ஊர்க்காரர் என்பதில் பெருமைதான். யார் இருந்தாலும் கேள்வி கேள்விதான்.

எங்கள் கிராம ஊராட்சியில் நான் வார்டு உறுப்பினராக இருந்தபோது தலைவரை நீக்கக் கூட்டம் வந்தது. துணைத் தலைவர் காலையிலேயே சலவை வேட்டியோடு வந்து தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் இரண்டு ஆட்கள், மாலை மட்டும்தான் பாக்கி. தாசில்தார் வந்தார். "நீங்க எந்திரிச்சு அந்தப் பக்கம் உட்காருங்க" என்றார். அந்தக் கூட்டத்தை நடத்துவது தாசில்தார். அவர் நல்லது கெட்டது பேசக் கூடாது, அவருக்கு ஓட்டும் கிடையாது. துணைத் தலைவர் முறைத்தார், ஆனாலும் எழுந்தார். குக்கிராமத்துக்கு எழுதி வைத்ததை டெல்லிக்கு எழுதி வைக்கவில்லை. இதை எந்தப் பத்திரிகை சொல்லும்? உங்கள் பத்திரிகை சொல்லாது, அவசியமில்லை!

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலில் 176 மதிப்பு. நீக்கும்போது அவருக்கு வேலையே இல்லை. மாநிலங்களவையின் நியமன உறுப்பினர் 12 பேர் தேர்ந்தெடுக்கும்போது ஓட்டுப் போட முடியாது, நீக்கும்போது போடலாம். ஆளுநருக்கோ இந்தத் தொல்லை எதுவும் இல்லை. குடியரசுத் தலைவர் விரும்பும்வரை இருக்கலாம். இதைப் பற்றிப் போன வருடம் எழுதினேன். என் கடிதத்தை மூன்று வரியாக்கி, "ஆளுநர் பதவி தேவையா? வாசகர் கேள்வி" என்று தலைப்புப் போட்டீர்கள். நான் அப்படிக் கேட்கவே இல்லை.

தாராபுரத்தை ஈரோடு மாவட்டம் என்று நீங்கள் இன்னும் அச்சிடுவது பற்றியும் எழுதிச் சலித்துவிட்டேன். திருப்பூர் மாவட்டம் 2009-லேயே வந்துவிட்டது. செனட் சபையில் தண்ணீரும் பாலும் தவிர வேறு எதுவும் குடிக்கக் கூடாது என்பதைக்கூட உங்கள் நிருபர் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். தாராபுரம் வரை வர பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. 61-வது பிரிவின் 4 உட்பிரிவுகளையும் அடுத்த ஞாயிறு ஒரு சின்னக் கட்டத்தில் தமிழில் போடுங்கள். இடம் இல்லை என்றால் ராசிபலனில் எனக்குரிய விருச்சிகத்தை எடுத்துவிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் போடாமலே விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
முன்னாள் வார்டு உறுப்பினர்,
தாராபுரம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.