இமேக்ஸை மேசைச்சூழலோடு இணைப்பது பற்றி நண்பனுக்கு

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். பழைய மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, சாளரங்களும் சின்னங்களும் கொண்ட க்னோம் மேசைச்சூழலுக்கே குடிபெயர்ந்துவிட்டாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. ஆனால், கோப்பு மேலாளரில் ஒரு குறிப்பைச் சொடுக்கும்போதெல்லாம் உரை எழுதும் நிரலான இமேக்ஸ் புதிதாக ஒன்று எழுந்துவரக் காத்திருக்க வேண்டியிருப்பதாகவும், முன்பே திறந்து வைத்த கோப்புகள் எவையும் அதில் இருப்பதில்லை என்றும் நீ வருந்தியிருந்தாய். நானும் பல மாதங்கள் அதே இடத்தில் தவித்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கணினிக்குள் நுழைந்தது முதல் வெளியேறும்வரை ஒரே ஓர் இமேக்ஸ் பின்னணியில் இயங்க வேண்டும். கோப்பு மேலாளர், கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையம், உலாவி ஆகிய அனைத்தும் அதனிடமே வந்து சேர வேண்டும். பின்னணி நிரல்களைத் தொடங்கி நிர்வகிப்பது சிஸ்டம்டி; இதற்கான அதன் சேவைக் கோப்பு, 2018இல் வந்த 26ஆம் பதிப்பிலிருந்து இமேக்ஸுடனேயே வருகிறது. அதைப் பயனர் சேவையாக ஒருமுறை இயக்கி வைத்துவிட்டால், அதன்பின் கோப்புகளைத் திறக்கும் பொறுப்பை இமேக்ஸ்கிளையன்ட் என்னும் சிறு நிரல் ஏற்றுக்கொள்ளும். என் கணினியில் இப்போது சொடுக்கிய கணத்திலேயே சாளரம் வந்து நிற்கிறது.

இந்த ஏற்பாட்டை மேசைச்சூழலுக்குத் தெரிவிப்பது, டெஸ்க்டாப் என்ற பின்னொட்டுடைய சிறு உரைக்கோப்பு ஒன்றுதான். மேசைச்சூழல்களுக்குப் பொது விதிகள் வகுக்க 2000இல் தொடங்கப்பட்ட ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தின் பொது வடிவம் அது என்பதால், நாளை நீ கேடிஈ என்னும் வேறு மேசைச்சூழலுக்கு மாறினாலும் அதே கோப்பு பயன்படும். எந்த நிரலை இயக்குவது என்று சொல்லும் எக்செக் வரி அதில் இருக்கும்; அதில் இமேக்ஸ் என்பதற்குப் பதிலாக இமேக்ஸ்கிளையன்ட் என்று எழுது. புதிய சாளரத்தில் திறக்கச் சொல்லும் விருப்பத்தையும், சேவை இயங்காதிருந்தால் தானே தொடங்கிக்கொள்ளச் சொல்லும் விருப்பத்தையும் சேர்த்துவிடு. சாளரத்தின் வகைப்பெயரைக் குறிக்கும் வரியை மறந்துவிடாதே. அது பொருந்தாவிட்டால், பக்கப்பட்டையில் நீ பொருத்தி வைத்த சின்னம் ஒருபுறமும் திறந்த சாளரத்தின் சின்னம் மறுபுறமுமாக இரண்டு நிற்கும்.

முனையத்திலிருந்து திறந்தால் எழுத்துப்பிழை திருத்தி வேலை செய்கிறது, சின்னத்தைச் சொடுக்கித் திறந்தால் அது காணாமல் போகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்குக் காரணம் இமேக்ஸ் அல்ல. நிரல்களைத் தேடும் பாதையை நீ, முனையத்தில் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷின் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறாய். அதை முனையம் படிக்கும், சிஸ்டம்டியின் பயனர் சேவைகள் படிப்பதில்லை. அந்த வரியை, கன்ஃபிக் கோப்புறைக்குள் சூழல் மாறிகளுக்கென்றே உள்ள என்விரான்மென்ட்-டி கோப்புறைக்கு மாற்றிவிட்டு, ஒருமுறை வெளியேறி உள்ளே வா.

எனக்கு மிகவும் நெருக்கமானது தமிழ்த் தட்டச்சு. நாம் இருவருமே ஆங்கில எழுத்துகளால் ஒலிப்படி தமிழ் எழுதும் ஐடிரான்ஸ் முறைக்குப் பழகியவர்கள். மேசைச்சூழல் முழுவதற்குமான உள்ளீட்டு நிரலான ஐபஸ் வழியாகத் தமிழை இயக்கியபடியே இமேக்ஸின் கோப்புப் பட்டியலுக்குப் போய், அடுத்த கோப்புக்கு இறங்க 'n' விசையை அழுத்திப் பார்: பட்டியல் நகராது, அந்த விசையை ஐபஸ் இடையிலேயே பிடித்துத் தமிழ் எழுத்தாக்கிவிடும், அப்படியொரு கட்டளை இல்லை என்று கீழ்வரியில் இமேக்ஸ் சொல்லும். இமேக்ஸின் சொந்த உள்ளீட்டு முறை இந்த இடத்தில் மிகுந்த பக்குவத்தோடு நடந்துகொள்கிறது. கன்ட்ரோல் விசையோடு பின்சாய்கோட்டை அழுத்தி அதை இயக்கினால், அந்தக் கோப்புக்கு மட்டுமே தமிழ் வருகிறது. பக்கத்துச் சாளரத்திலுள்ள நிரல் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. எழுத முடியாத பட்டியல்களில் விசைகள் கட்டளைகளாகவே செல்கின்றன. ஆகவே வெளியே ஐபஸ், உள்ளே இமேக்ஸின் முறை என்று பிரித்துக்கொண்டேன். க்னோம் விசைப்பலகை அமைப்பில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி உள்ளீட்டு மொழி என்ற தெரிவு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் உலாவியில் தமிழை மாற்றுவது இமேக்ஸைத் தொடாது. எழுத்துருவைப் பற்றிக் கவலை வேண்டாம். 2020இல் வந்த 27ஆம் பதிப்பு முதல், க்னோமுக்குத் தமிழ் எழுத்துகளைச் சரியான வடிவில் கோத்துக் கொடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற அதே நிரல்தான் இமேக்ஸுக்கும் கோத்துக் கொடுக்கிறது.

எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால், க்னோம் திரையில் சாளரங்களைக் காட்டப் பயன்படுத்தும் வேலேண்டில் நேரடியாக இயங்கும், இமேக்ஸின் பிஜிடிகே வடிவத்தை நிறுவு. 2023இல் 29ஆம் பதிப்போடு வந்த அது டெபியனில் தனிப் பொதியாகக் கிடைக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: திரையுடனான தொடர்பு அறுந்தால் அந்த வடிவம் பின்னணியில் தொடராமல் தானும் முடிந்துவிடும். சேமிக்காமல் ஒருமுறை வெளியேறிவிட்டு, மீண்டும் நுழைந்தபோது நான்கு பக்க மொழிபெயர்ப்பைக் காணாமல் நெஞ்சு படபடத்தது. பெயரின் இருபுறமும் எண்குறி (#) இட்ட தானியங்கிச் சேமிப்புக் கோப்பு அருகிலேயே இருந்ததால் கடைசி வரிகள் தவிர மற்றவை மீண்டன. அன்றிலிருந்து, சேமித்துவிட்டுத்தான் வெளியேறுகிறேன்.

இமேக்ஸில் நீக்கும் கோப்புகள் க்னோமின் குப்பைத்தொட்டிக்கே போகும்படி ஒரு மாறி இருக்கிறது. உன்னைப் போல அவசரமாக அழிப்பவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும்.

உன் டெஸ்க்டாப் கோப்பை அப்படியே எனக்கு அனுப்பு. வரி வரியாகப் பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்