நெ. து. சு.வையும் நினைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி மதிய உணவு பற்றிப் பேச்சு வந்தாலே காமராசரை நினைக்கிறோம். சரிதான். ஆனால் அவருக்குத் தோள் கொடுத்த கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் பெயர் ஏனோ விட்டுப்போகிறது.

காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் 1912-இல் பிறந்தவர். பள்ளிகளை ஆய்வு செய்யும் அதிகாரியாக ஊர் ஊராகச் சுற்றியவர் என்பதால், பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது அவருக்குக் கோப்பைப் பார்த்துத் தெரிய வேண்டிய விஷயமாக இருக்கவில்லை. மதிய உணவுக்கு ஊர்மக்கள் அரிசியும் காய்கறியும் கொடுக்க முன்வந்தார்கள். அரசின் நிதி அப்புறம்தான் சேர்ந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சு, கரும்பலகை, சீருடைத் துணி, கட்டடத்துக்கு நிலம் என்று அவரவரால் முடிந்ததைத் தந்தார்கள். சுற்றறிக்கை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார்.

இன்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் பல இடங்களில் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. கல்வி அலுவலர்களுக்கான பயிற்சியில், அந்த மாநாடுகள் எப்படி நடத்தப்பட்டன என்பதை ஒரு பாடமாகவே வைக்கலாம். கல்வித்துறை கவனிக்குமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர்