காக்கும் வேலும் ஏறும் காலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்துமலை போய்த் திரும்பும்போது கொமுட்டர் ரயிலில் என் மகள் கேட்டாள்: "அம்மா, எல்லாத்தையும் முருகன் பார்த்துக்குவான்னா, நான் முடிவெடுக்க என்ன இருக்கு?" படிவம் ஆறில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பில், படிக்கிறாள். செந்தூல் வரும்வரை எனக்குப் பதில் வரவில்லை.

வைணவத்தில் இதற்கு இரண்டு உவமைகள் உண்டு. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்லும், குட்டி எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பது தென்கலைப் பிரிவின் கருத்து. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலைப் பிரிவின் கருத்து. நான் சைவக் குடும்பம்தான். ஆனாலும் பத்துமலைக் குரங்குகளைப் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, இரண்டாவதுதான் எனக்கு நெருக்கம். தாவும் பலம் முழுக்கத் தாயுடையது. அந்தச் சின்னப் பிடி மட்டும் குட்டியுடையது. தாய் அதைத் தட்டிவிடுவதில்லை.

சைவ சித்தாந்தமும் உயிருக்கு விருப்பம், அறிவு, செயல் மூன்றும் உண்டு என்றே சொல்கிறது. மலம், அதாவது உயிரைப் பற்றியிருக்கும் அறியாமை, அவற்றை மறைக்கிறது, இறைவன் விளக்குகிறான். காவடி எடுப்பவரை 272 படிகளும் யாரும் தூக்கிப் போவதில்லை. கூட வருகிறவர்கள் "வேல் வேல்" என்று உற்சாகம் தருவார்கள், காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஏறுவது அவர் கால்.

"உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லியே பிள்ளைகளின் பிடியை விலக்குகிற பெற்றோரில் நானும் ஒருத்தி. அவள் தமிழாசிரியராக விரும்புகிறாள். நான் மருத்துவம் என்று பிடிவாதமாக இருந்தேன். வீட்டுக்கு வந்ததும், விண்ணப்பத்தை நீயே நிரப்பு என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்