மப்ளர் கட்டிக்கொள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம். மப்ளர் கட்டுகிறாயா? நீ ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் கோட்டையிலிருந்து அனுப்பிய படத்தில் காது இரண்டும் சிவந்து கிடக்கிறது. அது வந்து மூன்று ஞாயிறு ஆகிறது. வேலை இருக்கும், சரி.

படத்துக்குக் கீழே '700 வருஷத்துச் சுவர்' என்று போட்டிருந்தாய். அது தப்பு. 1314இல் பானக்பர்ன் சண்டையில் ஆங்கிலேயரை ஜெயித்ததுமே ஸ்காட்லாந்து ராஜா ராபர்ட் புரூஸ் அந்தக் கோட்டையை இடித்துப் போட்டார், அவர்கள் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளக் கூடாது என்று. நீ சாய்ந்து நிற்கிற மஞ்சள் பூச்சு மண்டபம் பின்னால் வந்த ராஜா நான்காம் ஜேம்ஸ் 1503 வாக்கில் கட்டி முடித்தது. பழசு என்றால் அடியில் இருக்கும் பாறைதான். இதற்காக மூன்று நாள் நூலகம் போனேன். பையன் அங்கே என்ன செய்கிறான் என்று நூலகர் கேட்டார். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்லிவிட்டேன்.

அதே கோட்டையின் 1304 முற்றுகையைப் படித்தாயா? உள்ளே கோட்டைத் தலைவர் வில்லியம் ஆலிஃபன்டும் சொற்ப ஆட்களும். வெளியே இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட்; 65 வயது, என் வயதுதான். ஏப்ரலில் தொடங்கிய அடி ஓயவில்லை. கல்லெறியும் பொறிகளுக்கு எடை வேண்டும் என்று தேவாலயக் கூரைகளின் ஈயத்தையே உரித்துவரச் சொன்னார். அதுவும் போதாமல், ஐந்து தச்சு மேஸ்திரிகளை வைத்து 'போர் ஓநாய்' என்று ராட்சதப் பொறி ஒன்று செய்யச் சொன்னார். ராணியும் தோழிகளும் பார்ப்பதற்கென்று ஊருக்குள் ஒரு வீட்டில் ஜன்னல் வேறு வைத்துக் கொடுத்தார். ஜூலையில் உள்ளே இருந்தவர்கள் சரணடைகிறோம் என்றார்கள். ராஜா ஒத்துக்கொள்ளவில்லை. ஓநாய் கல் எறியும்வரை ஒருவரும் வெளியே வரக் கூடாது என்றுவிட்டார். அவ்வளவு பாடுபட்டுச் செய்த பொறி!

அதற்கு மேல் படிக்க ஓடவில்லை.

தம்பி, கிணற்றுமேட்டு விஷயத்துக்காக நீ வந்த அன்று மணி ஏழரை. வாசற்படி தாண்டும்போதே 'தப்புதாம்ப்பா, நீங்க சொல்றபடி செய்றேன்' என்றாய். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. மூன்று நாளாக மனசுக்குள் சேர்த்து வைத்த பேச்சை விட எனக்கு மனசு வரவில்லை. பதினொன்றரை வரை விடவில்லை. பெரியப்பாவை இழுத்தேன், உன் படிப்புச் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா சமையற்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். தட்டில் போட்ட தோசை விறைத்துப் போயிற்று. நீ தொடவில்லை.

கையெழுத்துப் போடும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். பார், திரும்பவும் ஆரம்பிக்கிறேன்.

பொடி டப்பா இரண்டு அனுப்பியிருக்கிறோம். மப்ளரும் வைத்திருக்கிறாள் அம்மா, பழசைத் தொலைத்திருப்பாய் என்று. கட்டிக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் அம்மா கையில் இருக்கும். நான் தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன், நீ பேசு.

அப்பா